ட்ராப் (ரம்மி)

ட்ராப் என்பது 13 சீட்டு ரம்மியில், கைச்சீட்டு தேறாது என்று கணித்த ஆட்டக்காரர் சிறிய புள்ளி இழப்போடு சுற்றிலிருந்து விலகிக்கொள்ளும் முறை. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு கல்யாண மண்டபங்களில் கூடும் சீட்டுக்கச்சேரி முதல் அடையாறு, மயிலாப்பூர் வீடுகளின் விடுமுறை ஆட்டம் வரை இது பழக்கத்தில் உள்ளது.

வகைகள்
முதல் சீட்டை எடுக்கும் முன்பே விலகுவது முதல் ட்ராப். இழப்பு 20 புள்ளி. ஆடத் தொடங்கிய பின் விலகுவது மிடில் ட்ராப், 40 புள்ளி. புள்ளி 201ஐ எட்டியவர் வெளியேறும் 201 பூல் ஆட்டத்தில் இவை முறையே 25, 50. கடைசிவரை இருந்து தோற்பவருக்குச் சேராத சீட்டுகளின் புள்ளிகள் எண்ணப்படும். ஜோக்கர் இல்லாத அசல் வரிசை ஒன்றுகூட இல்லாதவருக்கு மொத்தக் கையும் கணக்கில் வரும்; உச்சவரம்பு 80.

பெரிய சீட்டுகளின் சிக்கல்
ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இஸ்பேட் ராஜா, டைமன் ராஜா, டைமன் ஏஸ், ஆட்டின் ராணி, கிளாவர் ஜாக்கி என ஐந்து சீட்டுகள் ஒன்றோடொன்று சேராமல் வந்தால் அவையே 50 புள்ளி. இரண்டு கட்டு ஆட்டத்தில் ஒரே இனத்து 6, 7 கையில் இருந்தால் வரிசையாக்க 5, 8 என நான்கு சீட்டுகள் உதவும். ஏஸ், ராஜா இருந்தாலோ ராணி மட்டுமே உதவும். இரு கட்டுகளிலும் சேர்த்து அந்தச் சீட்டு இரண்டுதான் உண்டு. எனவே ஜோக்கரும் அசல் வரிசைக்கான வழியும் இல்லாத கையை, படச்சீட்டு நிறைந்திருந்தாலும் தொடக்கத்திலேயே விடுவதே தேர்ந்தவர் வழக்கம். நான்கு முதல் ட்ராப்புகளின் இழப்பு ஒரு முழுத் தோல்விக்குச் சமம்.

பெரிய சீட்டுகளை நம்பித் தொடர்வதா, விலகுவதா என்ற இதே கேள்வி லிமிட் போக்கரிலும் எழும். ஏஸ், ராஜா வைத்திருப்பவருக்கு மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச்சீட்டுகளில் ஜோடி சேராவிட்டால், காணாத 47 சீட்டுகளில் ஜோடி தருபவை ஆறு. அடுத்த சீட்டில் ஜோடி சேர 12.8 விழுக்காடும், இரு சீட்டுகளுக்குள் சேர ஏறத்தாழ 24 விழுக்காடும் வாய்ப்பு. பந்தயத் தொகை நிலையானது என்பதால், குவிந்த பணம் கட்டவேண்டியதைப் போல் ஏழு மடங்கை நெருங்குகிறதா என்பதே முதல் கணக்கு. சேர்ந்த ஜோடியும் தோற்கக்கூடும் என்பதால் எதிராளிகளின் எண்ணிக்கையையும் பார்க்கவேண்டும்.

சட்ட வரலாறு
1930ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் திறன் ஆட்டங்களுக்கு விலக்களித்தது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம், விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதை விடுவது என்று தேர்வதும் திறன் சார்ந்தவை என்றது. ட்ராப் அந்தத் தேர்வின் உச்சம். கையைப் படிக்கத் தெரியாதவரால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. கிண்டி குதிரைப் பந்தயம் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பும் திறனின் பக்கமே நின்றது. பணம் வைத்து ரம்மி ஆடுவது குற்றம் என்று 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. மூல மனு திரும்பப் பெறப்பட்டதால் 2015இல் அக்கருத்து வலுவிழந்தது. இணைய ஆட்டத்தில் பணம் இழந்தோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து தமிழ்நாடு கொண்டுவந்த தடையை 2021 ஆகஸ்ட் 3 அன்று உயர் நீதிமன்றம் நீக்கியது. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. உயர் நீதிமன்றத்தின் 2023 நவம்பர் 9 தீர்ப்பு அச்சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் பட்டியலில் சேர்த்ததை ஏற்கவில்லை.

இன்றைய நிலை
2025 ஆகஸ்டில் நிறைவேறிய நடுவண் சட்டம் இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. பந்தயமின்றி வீட்டில் ஆடத் தடையில்லை.