ஆன்லைன் கிளாஸ்: எவ்வளவு நேரம் நடத்தலாம்? பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆன்லைன் வகுப்புகளுக்கு மத்திய, மாநில அரசுகள் விதிமுறைகளை அறிவித்தன. அவை சொல்வது என்ன?

எவ்வளவு நேரம்?
2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்படி:
• மழலையர்: 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. அதுவும் பெற்றோருடன் பேசி வழிகாட்டத்தான்.
• 1 முதல் 8ஆம் வகுப்பு: நாளுக்கு 2 வகுப்புகள் வரை.
• 9 முதல் 12ஆம் வகுப்பு: நாளுக்கு 4 வகுப்புகள் வரை.
ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம்.

வீட்டில் ஒரே போனா?
செய்யாறு, ஆரணி பக்கம் தறி ஓடும் வீடுகளில் போன் ஒன்று, படிக்கிற பிள்ளைகள் இரண்டு என்பது சகஜம். போன் இல்லாத மாணவர்களுக்கும் எட்டும்படி, கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாகின.

ரெக்கார்டிங் ஏன்?
ஆன்லைன் வகுப்பில் அத்துமீறல் புகார் எழுந்ததை அடுத்து, 2021 மே மாதம் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் உத்தரவிட்டார்: வகுப்பு முழுவதும் பதிவு செய்யப்பட வேண்டும். பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் சேர்ந்த குழு அதை அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும். நேரடி வகுப்புக்கு வருவது போன்ற உடை ஆசிரியர், மாணவர் இரு தரப்புக்கும் கட்டாயம்.

பெற்றோர் செய்ய வேண்டியது?
சின்னப் பிள்ளைகள் என்றால் வகுப்பு முடியும்வரை பக்கத்தில் இருங்க. வகுப்பு நேரம் தாண்டி தப்பான மெசேஜ் வந்தால் அழிக்காதீங்க; அதுதான் ஆதாரம். பிள்ளை வந்து சொன்னால் திட்டவோ, போனைப் பிடுங்கவோ வேண்டாம். அடுத்த முறை சொல்லப் பயப்படும்.

புகாருக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித்துறை உதவி மையம் 14417.