காற்றை எடைபோடும் கணக்கு: ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பைக்குகளில் கலவைத் திருத்தம்

ஃப்யூயல் இன்ஜெக்ஷனோடு 2007-இல் சந்தைக்கு வந்த பஜாஜ் பல்சர் 220, இரண்டே ஆண்டில் கார்புரேட்டருக்குத் திரும்பிப் போனது. விலையும் இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ.யும் பெரிதாக எடுபடவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்யக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு, திறந்து பார்க்க முடியாத பெட்டியை நம்ப இந்திய பைக்காரர்கள் அப்போது தயாராக இல்லை. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் தேர்வுக்கே இடமில்லாமல் போயிற்று. கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு, 1 கிராம் கார்பன் மோனாக்சைடு என்ற வரம்புக்குள் நிற்க, ஏறக்குறைய எல்லா பைக்குகளுக்கும் இன்ஜெக்ஷனே வழி.

பெட்டி வந்தது, அதைத் திருத்தும் தொழிலும் கூடவே வளர்ந்தது. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக், அமெரிக்காவின் டைனோஜெட் தயாரிக்கும் பவர் கமாண்டர் போன்ற கருவிகள், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். ஈசியூவுக்குள்ளேயே புகுந்து மேப்பை மாற்றி எழுதும் பட்டறைகளும் உண்டு. இவற்றின் பின்னால் நிற்கும் நம்பிக்கை பொதுவானது: புகை விதிக்குப் பயந்து கம்பெனி வண்டியை லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, விட்டிருக்கிறது, காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7-இலிருந்து 13-க்குக் கொண்டுவந்தால் இழுவை கூடும், சூடு குறையும், சைலன்சரில் பட்டாசு வெடிக்காது.

இது பாதி உண்மை. மற்றப் பாதி எங்கே பிழைபடுகிறது என்பதே இங்கே கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். கலவை விகிதம், சிலிண்டருக்குள் போகும் காற்றைப் பற்றி ஈசியூ செய்யும் ஊகம் எவ்வளவு சரி என்பதன் விளைவு. ஊகத்தை அப்படியே விட்டுவிட்டு விளைவை மட்டும் திருத்தினால், ஓரிடத்தில் சரியாகும் வண்டி இன்னோரிடத்தில் கெடும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உண்மையில் கிடைக்கும் காற்றை இந்தத் தேவையால் வகுத்தால் வருவது லாம்டா. 1 என்றால் கச்சிதம். குறைந்தால் ரிச், கூடினால் லீன். சென்னையை அடுத்த ஆலைகளில் ராயல் என்ஃபீல்டு செய்யும் மீட்டியோர் 350-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரே சிலிண்டர், 349 சி.சி. முப்பது டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம். சிலிண்டர் எண்பது சதவீதம் நிரம்புவதாக வைத்தால் ஓர் இழுப்பில் உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 0.32 கிராம். அதற்கு 13-க்கு 1 என்ற கணக்கில் 25 மில்லிகிராம் பெட்ரோல் போதும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது இந்தக் கணக்கை வினாடிக்கு 50 முறை போட்டாக வேண்டும்.

பெட்ரோலை அளப்பது இதில் சுலபமான வேலை. பம்ப் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. திறந்திருக்கும் நேரம் தெரிந்தால் அளவு தெரிந்துவிடும். பாட்டரி வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் என்பதற்குக்கூட அட்டவணை உண்டு. கடினமானது அந்த 0.32 கிராம்தான்.

காற்றோட்டத்தை நேராக அளந்து பார்த்த பைக்குகள் உண்டு. 1980-இல் வந்த காவாசாகி இசட்1000-எச்1, பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் வழியில், காற்று தள்ளித் திறக்கும் மடல் ஒன்றை வைத்திருந்தது. 1983-இன் பிஎம்டபிள்யூ கே100-உம் அப்படியே. மடல் இடத்தை அடைத்தது. அடுத்து வந்த டுகாட்டி 851-இல் வெபர்-மரெல்லி அமைப்பு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற இரண்டையும் வைத்தே காற்றை ஊகித்தது. இன்றைய சிறு பைக்குகள் இவற்றோடு இன்லெட் குழாயின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. அழுத்தம், கொள்ளளவு, வெப்பம் மூன்றும் தெரிந்தால் பள்ளிக்கூட இயற்பியலே எடையைச் சொல்லிவிடும். அது சொல்லாதது, சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பதுதான். அது ஏர் ஃபில்டர், கேம், சைலன்சர் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் குணம். தொழிற்சாலையில் டைனோ என்ற சோதனை மேடையில் சுற்றுக்குச் சுற்று அளந்து அட்டவணையாக எழுதப்படுகிறது. மேப் என்று எல்லோரும் பேசுவதில் பெரும்பகுதி இந்த அட்டவணைதான்.

இந்த ஊகத்தின் வலிமையை லடாக்கின் கார்துங் லாவில் பார்க்கலாம். 5,359 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. கார்புரேட்டர் ஜெட்டில் வரும் பெட்ரோல் காற்றின் அடர்த்தி குறையும் அளவுக்குக் குறைவதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலத்தின் அளவுக்கே குறைகிறது. அடர்த்தி 0.55 ஆனால் வர்க்கமூலம் 0.74. கீழே லாம்டா 1-இல் கிளம்பிய கார்புரேட்டர் வண்டி மேலே 0.74-இல் கரும்புகை விட்டுத் திணறும். ராயல் என்ஃபீல்டின் 411 சி.சி. ஹிமாலயன் 2016-இல் கார்புரேட்டரோடும் 2017-இல் இன்ஜெக்ஷனோடும் வந்ததால், கிட்டத்தட்ட ஒரே எஞ்சினில் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. இன்ஜெக்ஷன் வண்டிக்கும் உச்சியில் சக்தி குறையும், காற்றே பாதிதானே. ஆனால் கலவை குலையாது. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் சுழல்வதற்கு முன், அழுத்த சென்சார் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். பல அமைப்புகளில் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அங்கே யாரும் பெட்ரோலைத் திருத்தவில்லை. காற்றைச் சரியாக எடைபோட்டார்கள், அவ்வளவுதான்.

ஊகம் பிசகினால் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி இருக்கிறது: சைலன்சர் பெண்டில் பதித்த ஓ2 சென்சார். 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த பாஷ் சென்சாரின் வாரிசு இது. பெரும்பாலான பைக்குகளில் இருக்கும் வகைக்கு எத்தனை ரிச், எத்தனை லீன் என்று சொல்லத் தெரியாது. லாம்டா 1-க்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும். ரிச் என்றால் 0.8 வோல்ட் அளவில், லீன் என்றால் 0.1 வோல்ட் அளவில், நடுவே 0.45-ஐ ஒட்டிச் செங்குத்தான சரிவு. ஈசியூ பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் அந்தச் சரிவின் மேலேயே கலவையை ஊசலாட விடுகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்கு இந்த ஊசல் வேண்டும்: ரிச் பக்கம் சாயும்போது நைட்ரஜன் ஆக்சைடு சிதைகிறது, லீன் பக்கம் சாயும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எரிகின்றன.

பட்டறைக் கணக்கு முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். சீரான வேகத்தில் போகும்போது இன்ஜெக்டர் நேரத்தை ஆறு சதவீதம் கூட்டினால் சென்சார் ரிச் என்று சொல்லும். ஈசியூ ஆறு சதவீதத்தைக் கழித்துவிடும். பணம் கொடுத்தவருக்கு முதல் சில கிலோமீட்டர் வித்தியாசம் தெரியலாம். பிறகு வண்டி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சில ஈசியூக்கள் இப்படிக் கற்றுக்கொண்ட கழிவை, சென்சாரைக் கேட்காமல் ஓடும் முழு த்ராட்டில் பகுதிக்கும் கொண்டுபோகின்றன. கூட்டல் சீரான வேகத்துக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால் முழு த்ராட்டிலில் வண்டி முன்பைவிட லீனாகிவிடும். இதைத் தெரிந்துகொண்ட கருவிகள் சென்சாரின் சிக்னலையே திரித்து அனுப்புகின்றன. சென்சாரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டர் மாட்டுவோரும் உண்டு. ஊகம் அப்போதும் திருந்துவதில்லை; சாட்சி மட்டும் கலைக்கப்படுகிறது.

சாட்சி தானாகவும் ஏமாறும். எக்சாஸ்ட் போர்ட்டில் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, ஆக்சிஜன் அதிகம் என்று சென்சார் சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கொட்டும். ஸ்பார்க் தவறினால் எரியாத ஆக்சிஜன் வந்து அதே பொய்யைச் சொல்லும். லீன் என்ற புகாரோடு வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை கேஸ்கெட், பெட்ரோல் அழுத்தம், த்ராட்டில் சென்சாரின் பூஜ்ய நிலை. மேப் பிறகு.

உண்மையான பாதிக்கு வருவோம். முழு த்ராட்டிலில் அதிகபட்ச சக்தி லாம்டா 0.86 முதல் 0.9 வரை கிடைக்கிறது. 1-இல் ஓட்டினால் சில சதவீதம் இழப்பு. அதைவிட முக்கியம், சைலன்சரை மாற்றியவருக்குத் தொழிற்சாலை அட்டவணை பொருந்தாது. எக்சாஸ்ட் அலைகள் திரும்பி வரும் நேரம் மாறுவதால் சில சுற்றுகளில் சிலிண்டர் கூடுதலாக நிரம்பும், சிலவற்றில் குறைவாக. அங்கே லாம்டாவின் அளவையே சொல்லும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, டைனோவில் ஒவ்வொரு சுற்றிலும் பளுவிலும் நிறுத்தி அட்டவணையைத் திரும்ப எழுதுவது நேர்மையான டியூனிங். எல்லாக் கட்டங்களிலும் ஐந்து சதவீதம் கூட்டும் ரெடிமேட் மேப்புக்கு இந்தப் பெயர் பொருந்தாது. சூட்டைப் பற்றிய புகாரிலும் உண்மை இருக்கிறது: ஏர் கூல்டு எஞ்சின் லாம்டா 0.9-இல் ஓடுவதைவிட 1-இல் சூடாகத்தான் ஓடும். ஆனால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு போகும் குறைந்த பளுவில் லாம்டா 1 எஞ்சினைக் கெடுக்காது. டிராபிக்கில் காலைச் சுடுவதில் பெரும்பங்கு, காற்றோட்டம் இல்லாமல் நிற்பதும் பக்கத்திலேயே கன்வெர்ட்டர் கொதிப்பதும்தான்.

இதுவரை எரிபொருள் மாறாது என்று வைத்துக்கொண்டோம். அந்த வசதி போய்விட்டது. ஒரு கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். கொள்ளளவில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்குத் தேவை ஏறத்தாழ 13.5 கிராம், இ10-க்கு 14.1. பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருபது சதவீதத்தை எட்டிவிட்டதாக 2025-இல் அரசு அறிவித்தது. இ10-க்கு எழுதிய மேப்போடு இ20 குடிக்கும் வண்டி, சென்சார் தலையிடாத இடங்களில் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் லீனாக ஓடும். தூய பெட்ரோலுக்கு எழுதிய பழைய மேப் என்றால் எட்டு சதவீதத்தைத் தாண்டும். இ0-க்கு வடிவமைத்து இ10-க்கு ஒத்திசைத்த இருசக்கர வண்டிகளில் இ20-ஆல் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கை மதிப்பிட்டது. எத்தனாலில் ஆற்றலே குறைவு என்பதால் இந்த இழப்பை எந்த டியூனிங்காலும் முழுதாக மீட்க முடியாது.

இங்கே இன்னொரு குழப்பம் புகுகிறது. வைட்பேண்ட் சென்சார் அறிவது லாம்டாவை மட்டுமே. மீட்டரில் தெரியும் விகிதம், அந்த லாம்டாவை 14.7-ஆல் பெருக்கிக் காட்டும் எண். இ20 ஊற்றிய வண்டி லாம்டா 1-இல் ஓடினாலும் திரையில் 14.7 என்றே வரும்; உள்ளே உண்மையில் இருப்பது 13.5. இ20-க்கு 13.5 சரி என்று படித்த ஒருவர் திரையில் 14.7-ஐப் பார்த்து, லீன் என்று பதறி, 13.5 வரும்வரை பெட்ரோலைக் கூட்டினால் வண்டி லாம்டா 0.92-இல் போய் நிற்கும். பைக் டியூனிங் பேச்சிலிருந்து 14.7-ஐயும் 13-ஐயும் எடுத்துவிட்டு லாம்டாவில் மட்டும் பேசுவது நல்லது. 0.88 எந்த எரிபொருளிலும் 0.88.

த்ராட்டிலைச் சட்டென்று முறுக்கும்போது வரும் தயக்கம் தனிக் கதை. தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பங்கு இன்லெட் சுவரில் படலமாக ஒட்டி, பிறகு ஆவியாகிறது. எவ்வளவு ஒட்டும், எவ்வளவு நேரத்தில் விடும் என்ற இரண்டே எண்களில் இதை அடக்கிய பொறியாளர் அக்வீனோவின் 1981 மாதிரி இன்றும் ஈசியூக்களுக்கு அடிப்படை. முறுக்கிய கணத்தில் படலம் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வதால் சிலிண்டருக்கு லீன் கலவை போய்ச் சேர்கிறது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் கேட்கிறது. குளிர்ந்த எஞ்சினில் படலம் இன்னும் நேரம் பிடிக்கும். நிலையான பளுவில் எடுத்த டைனோ வரைபடத்தில் இது தென்படவே தென்படாது. முழு த்ராட்டிலில் அழகான கோட்டோடு பட்டறையிலிருந்து வெளியே வரும் வண்டி முதல் சிக்னலிலேயே இடறுவது இதனால்தான்.

சட்டத்தின் கண்ணும் முழுப் பாதையைப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு மாசு வரம்பை மீறி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. மாசுச் சான்றிதழுக்கான புகைச் சோதனையோ பெட்ரோல் பைக்கை ஐடிலிங்கில் மட்டுமே சோதிக்கிறது. முழு த்ராட்டிலில் லாம்டா 0.8-இல் ஓடும் வண்டியும் அதில் தேறிவிடும்.

டாங்கில் இருப்பது எந்த எரிபொருள் என்றே தெரியாத நிலையை பைக்குகளில் முதலில் சந்தித்தது பிரேசில். ஹோண்டா 2009-இல் அங்கே விற்பனைக்கு விட்ட சிஜி 150 டைட்டன் மிக்ஸ், பெட்ரோலையும் எத்தனாலையும் எந்த விகிதத்திலும் ஏற்றுக்கொண்டது. டாங்கில் எத்தனாலை அளக்கும் தனி சென்சார் அதில் கிடையாது. ஓ2 சென்சார் கேட்கும் திருத்தத்தை வைத்தே எரிபொருளை அது அடையாளம் கண்டது: காற்றின் கணக்கு சரி என்று எடுத்துக்கொண்டால், மிஞ்சும் பிழை எரிபொருளுடையது. இந்தியாவில் 2024-இல் இ85 வரை ஏற்கும் சிபி300எஃப்-ஐ ஹோண்டா கொண்டுவந்தது. ஓ2 சென்சாரை வைத்து எரிபொருளை ஊகிக்கும் எந்த வண்டியிலும் ஈசியூவிடம் இருப்பது ஒரே சமன்பாடு, தெரியாதவை இரண்டு. சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றி அட்டவணையை அப்படியே விட்டால், கூடுதலாக நுழையும் காற்றையும் டாங்கில் கூடிய எத்தனாலையும் அதனால் பிரித்தறிய முடியாது. பெண்டில் கேஸ்கெட் கசிந்தாலும் அது எத்தனால் என்றே பதிவாகும். இக்னிஷன் டைமிங்கும் எத்தனாலுக்கு ஏற்ப முன்னே தள்ளப்படும், டாங்கில் இருப்பது சாதாரண பெட்ரோலாகவே இருந்தாலும்.