வானூர்தியினுள் ஒரு மலையுச்சி

கந்தப்பளையை அடுத்துள்ள பீதுருதலாகலையின் உயரம் 8,281 அடி. முப்பதாயிரம் அடிக்கு மேலே செல்லும் பயணிகள் விமானத்தினுள்ளும், ஏறத்தாழ இவ்வுச்சியின் காற்றழுத்தமே குறைந்த எல்லையாகப் பேணப்படுகிறது. அவ்வுயரத்தில் அது திடீரெனக் குலைந்தால் ஓரிரு நிமிடங்களுக்குள் அறிவு மயங்கும். ஆதலின் விமானிகள் காரணத்தை ஆராயுமுன் ஒட்சிசன் முகமூடியை அணிந்து, பத்தாயிரம் அடிக்கு இறங்கவேண்டும் என்பது விதி. 2005 ஆகஸ்ட் 14இல் சைப்பிரசிலிருந்து எழுந்த ஹீலியோஸ் விமானத்தின் விமானிகள், ஒலித்த எச்சரிக்கையை வேறொன்றெனக் கொண்டு காரணம் தேடியவாறே மேலேறினர். ஏதென்சுக்கு அண்மையில் 121 பேர் மாண்டனர். 2018 செப்டெம்பர் 20இல் மும்பாயிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெற் எயார்வேய்ஸ் விமானத்திலோ, காற்றை உட்செலுத்தும் ஆளியை இடவே மறந்தனர். எத்துணைச் சிறிய மறதி! 166 பயணிகளுள் ஏறத்தாழ முப்பதின்மருக்கு மூக்கிலோ காதிலோ குருதி கசிந்தது. விமானம் மும்பாய்க்கே மீண்டது. அனைவரும் உயிர் பிழைத்தனர்.