கோள் நிறுவும் முறை: எல்லிஸின் 1816-ஆம் ஆண்டுக் கட்டுரை

தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன வடமொழியினின்றும் பிறந்தன அல்ல, தனியொரு மொழிக்குடும்பத்தைச் சார்ந்தன என்னும் முடிபினை நிலைநாட்டிய பெருமையைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திற்கே உரித்தாக்குதல் பெருவழக்கு. எனினும், அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே சென்னை ஆட்சியராக விளங்கிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அதனைச் சான்றுகாட்டி நிறுவினார். காம்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு ஒரு குறிப்பாக 1816-இல் அது வெளிவந்தமையின் நெடுநாள் பலர் கண்ணிற்படாது போயிற்று. அம் முடிபினும், அதனை அவர் நிறுவிய முறையே ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியது.

வில்லியம் கேரி முதலியோர் தென்மொழிகளும் வடமொழியின் வழிவந்தன எனக் கருதினர். எல்லிஸ் அக்கருத்தினை முன்வைத்து, தாம் மறுப்பது இது, நிறுவுவது இது என ஐயமற வரையறுத்துக் கொள்கின்றார். வடமொழி இம்மொழிகளை வளம்படுத்தியதை அவர் மறுத்திலர்; அஃதின்றி இவை இயங்கா என்பதனையே மறுத்தார். கோளின் எல்லை சுருங்கவே அதன் வலிமை மிகுந்தது.

இனி, சான்றுகளின் வைப்புமுறையை நோக்குவோம். வேர், சொல், தொடரமைதி என மூன்று படியாக அவர் வாதம் செல்கின்றது. முதற்கண் வடமொழி வேர்களையும் தெலுங்கு வேர்களையும் அருகருகே நிறுத்தி அவை ஒவ்வாமையைக் காட்டினார். பின்னர்த் தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் வேர்களை நிரல்படுத்தி அவை ஒத்தலைக் காட்டினார். அதன் பின்னரே சொற்களுக்கு வருகின்றார். தெலுங்கில் வடசொல் மிக்கிருத்தலே எதிர்ப்பக்கத்தாரின் பெருஞ்சான்று. அதனை அவர் மறைத்திலர். தெலுங்கறிஞர் மாமிடி வெங்கய்யா கூறிய தற்சமம், தற்பவம், தேசியம் முதலிய பாகுபாட்டினைக் கொண்டு தாமே எடுத்துரைத்தார். சொற்களையே முதலில் எடுத்திருப்பின் அச்சான்று அவர் கோளுக்கு இடையூறாகியிருக்கும். வேர்களின் வேறுபாடு முன்னரே துணியப்பட்டமையின், சொன்மிகுதி கலப்பினைக் காட்டுமேயன்றிப் பிறப்பினைக் காட்டாது என்பது தானே போதரும்.

பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதங்களுள் ஒன்றாகப் பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதலைக் கூறினார். எல்லிஸ் அந்நெறியைப் பின்பற்றியே எழுதினார் என்பது நம் கருத்தன்று. ஆயின், எதிரியின் சான்றினை உடன்பட்டு, அதனின்றும் அவர் கொண்ட முடிபினை மட்டும் களையும் இவ்வாதத்திற்கு அம்மதம் நன்கு பொருந்துகின்றது.

எல்லிஸ் 1819-இல் மறைந்தார். தம் கோளை விரித்துரைக்கவோ மறுப்புகட்கு விடையிறுக்கவோ அவருக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை. அக்கட்டுரை தன் சான்றுகளின் வலியாலேயே நின்றது. தமக்கு மாறான சான்றினை மறைத்து எழுதப்படும் ஆய்வோ, அதனைப் பிறரொருவர் எடுத்துக்காட்டும் நாள்வரையே நிற்கும். மொழிப்பற்று ஆராய்ச்சிக்கு ஊக்கம் அளிக்கலாம். சான்றாக நிற்றல் அதற்கு இயலாது. ஆராய்ச்சித்துறையில் புகும் மாணவர் எல்லிஸிடம் கற்கத்தக்கது இதுவேயாம்.