பட்டியல் போட்டவரும் பணம் போட்டவரும்

செய்யவேண்டிய வேலைப் பட்டியலுக்கு (அதாங்க, பேக்லாக்) ஒரே ஒரு புராடக்ட் ஓனர் எதுக்கு, நாலு மேனேஜர் சேர்ந்து பார்த்துக்கிட்டா ஆகாதான்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது சி3 கதைதான்.

அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் கம்பெனி, பழைய மெயின்ஃபிரேம் சம்பளக் கணக்கைத் தூக்கிட்டு புதுசா எழுதின மென்பொருள் அது. 1996-ல் கென்ட் பெக் உள்ளே வந்தார். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் உருவானது இங்கேதான். என்ன வேணும்னு சொல்ல, வாடிக்கையாளர் தரப்பு ஆள் குழுவோடவே உட்கார்ந்திருப்பார். 1997-ல் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டுச்சு. 2000 பிப்ரவரியில் இழுத்து மூடிட்டாங்க!

காரணங்கள் பல சொல்றாங்க. எனக்கு முக்கியமாப் படறது ஒண்ணு. தேவையைச் சொன்னவங்க வேற, காசு கொடுத்தவங்க வேற. முன்னவங்க சின்னச் சின்னத் திருத்தமா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பின்னவங்களுக்கோ பழைய மெயின்ஃபிரேமை அணைச்சாப் போதும். குழு முன்னவங்க பேச்சைக் கேட்டுச்சு, மார்க் போட்டது பின்னவங்க :-(

1995-ல் அறிமுகமான ஸ்க்ரம் தனி வழி. அதோட கையேடு, ஓனர் ஒரே ஆள், கமிட்டி கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லுது. 2011-ல் பேக்லாக்கை 'முன்னுரிமைப்படுத்தியது' என்பதை 'வரிசைப்படுத்தியது'ன்னு மாத்தினாங்க. முன்னுரிமைன்னா பத்து வேலைக்கும் 'அவசரம்'னு முத்திரை குத்திடலாமே!

உங்க டீம்ல எப்படி மக்களே, ரெண்டு பேரும் ஒரே ஆளா?