மெடிக்கிளெய்மைத் தாங்கிப் பிடித்த தீ பாலிசி

மெடிக்கிளெய்ம் பிரீமியம் ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டால் எல்லோரும் ஆஸ்பத்திரி பில்லைக் காட்டுவார்கள். அது பாதிக் கதைதான். மீதிக் கதை தீ விபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது.

1973-ல் பொதுக் காப்பீடு தேசியமயமான பிறகு இருந்தவை நான்கு கம்பெனிகள்: நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. 1986-ல் இவைதான் மெடிக்கிளெய்மைக் கொண்டுவந்தன. 100 ரூபாய் பிரீமியத்தில் 100 ரூபாயும் கிளெய்முக்கே போனால், கமிஷனும் சம்பளமும் வாடகையும் கையை விட்டுத்தான் கொடுக்க வேண்டும். பல வருஷம் நிலைமை அப்படித்தான் இருந்தது.

ஆனாலும் கம்பெனிகள் கவலைப்படவில்லை. காரணம், தீ பாலிசிக்கு அப்போது டாரிஃப் உண்டு. ரேட்டைக் குறைத்து யாரும் விற்க முடியாது, நல்ல லாபம். ஒரு ஆலையின் தீ பாலிசியைப் பிடிப்பதற்காக, அதன் ஊழியர்களுக்குக் குரூப் மெடிக்கிளெய்மை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் வந்ததை இன்னொன்றில் விட்டார்கள்.

2000-ல் தனியார் கம்பெனிகள் வந்தன. 2007 ஜனவரி 1-ல் டாரிஃப் போனது. போட்டியில் தீ பிரீமியம் சரிந்தது. மெடிக்கிளெய்முக்கு இருந்த முட்டு அதோடு விழுந்தது.

சுமை யார் தலையில்? பெரிய நிறுவனம் பேரம் பேசும், ஒத்துவராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடும். பிபி, சுகர் உள்ள 70 வயதுக்காரர் எங்கே போவார்? சேர்த்துவைத்த சலுகைகளோடு கம்பெனி மாறும் வசதியே 2011 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முந்தைய வருஷம், கட்டணம் ஒத்துவரவில்லை என்று சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரில் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் அரசுக் கம்பெனிகள் கேஷ்லெஸ்ஸை நிறுத்தியது நினைவிருக்கும்.

கிளெய்ம் கொஞ்சம் அசைந்தாலும் லாபம் எப்படிப் புரளும் என்பதைக் கோவிட் காட்டியது. சென்னையின் ஸ்டார் ஹெல்த்துக்கு 2021-22-ல் 1,000 கோடிக்கு மேல் நஷ்டம். 100 ரூபாய்க்கு 87 ரூபாய் வரை கிளெய்ம். மறு வருஷம் அது 65-க்கு இறங்கியது, 600 கோடிக்கு மேல் லாபம். கோவிட் போன பின் யாருக்காவது பிரீமியம் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

2025 ஜனவரியில் ஐஆர்டிஏஐ ஒரு உத்தரவு போட்டது: 60 வயதைக் கடந்தவர்களுக்கு வருஷம் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முன்கூட்டியே தன்னைக் கலந்துகொள்ள வேண்டும். செப்டம்பரில் தனிநபர் பாலிசிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் நீங்கியது. நிம்மதிதான். ஆனால் அந்தப் 10 சதவீதமே வருஷா வருஷம் ஏறினால், எட்டு வருஷத்துக்குள் பிரீமியம் இரண்டு மடங்காகிவிடும்.