இடிந்தும் எழுந்தும் நின்ற சிற்றில்கள்

சென்ற மாதம் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் முகம் வாடித் துறை அறைக்குள் வந்தமர்ந்தார். மூன்றரை வயது மகனைச் சேர்த்திருந்த மழலையர் பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பையன் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான், பொம்மைகளை உடைக்கிறான், உறங்கவைக்கும் வேளையில் ஓயாமல் அழுகிறான். கொஞ்சம் அடக்கி வளர்த்து அடுத்த ஆண்டு கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நான் என்னத்தை சார் அடக்குறது?" என்று கேட்டுவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் நான் நடத்தவேண்டியிருந்த பாடம் பிள்ளைத்தமிழ். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்றுண்டு. சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைப் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை காலால் அழிக்க வருவான். அழியாதே என்று அவர்கள் இரந்து நிற்பார்கள். அழிப்பதையும் அழகிய குறும்பாகக் கண்டது நம் புலவர் மரபு. வகுப்பில் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது, லண்டனில் காகித வீடுகளை இடித்தும் கட்டியும் விளையாடிய ஒரு நான்கு வயதுச் சிறுவனின் நினைவு வந்தது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளின் அடங்காமையை உலகம் வாசிக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றில் அவனுக்கு ஓர் இடமுண்டு. நண்பரிடம் அரைகுறையாகச் சொன்ன அவ்வரலாற்றை இங்கே சற்று விரிவாக எழுதிவைக்கிறேன்.

1939 செப்டம்பர் முதல் நாள் தொடங்கி ஒருசில நாள்களில் பிரிட்டனின் நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர். ஐந்து வயதுக்குட்பட்டோர் தாய்மாருடன் சென்றனர். குண்டுகளிலிருந்து உடலைக் காப்பதே திட்டத்தின் நோக்கம். ஆனால் சில வாரங்களுக்குள் கிராமத்து வீடுகளிலிருந்து புகார்கள் கிளம்பின: பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள், திருடுகிறார்கள், முரண்டு பிடிக்கிறார்கள். நகரத்து ஏழைத் தாய்மார் பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கவில்லை என்பதே அன்று பலருக்கும் தோன்றிய விளக்கம். பிரிவு என்ற ஒன்று குழந்தையின் உடலில் இப்படியும் வெளிப்படலாம் என்று எண்ணியவர்கள் மிகச் சிலர்.

அவர்களுள் ஒருவர் அன்னா ஃப்ராய்ட். உளப்பகுப்பாய்வின் தந்தை எனப்படும் சிக்மண்ட் ஃப்ராய்டின் கடைசி மகள். 1895இல் வியன்னாவில் பிறந்தவர். தொடக்கப்பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். 1937இல் எடித் ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் பொருளுதவியுடன் வியன்னாவின் வறிய குடும்பங்களைச் சேர்ந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக ஒரு காப்பகத்தைத் தம் தோழி டோரதி பர்லிங்காமுடன் சேர்ந்து நடத்தினார். மறு ஆண்டே ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. காப்பகம் மூடப்பட்டது. கெஸ்டாபோவின் விசாரணைக்கு ஒருநாள் முழுவதும் ஆட்பட்டுத் திரும்பிய அன்னா, 1938 ஜூனில் நோயுற்ற தந்தையோடு லண்டனுக்குப் புலம்பெயர்ந்தார். தந்தையின் உடன்பிறந்த சகோதரியரான நான்கு முதிய அத்தைமார் வியன்னாவிலேயே தங்கிவிட்டனர். 1939 செப்டம்பரில், போர் தொடங்கிய அதே மாதத்தில், ஃப்ராய்ட் காலமானார்.

1940 செப்டம்பர் 7 முதல் லண்டன் மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டு பொழிந்தது. தந்தை படையில், தாய் ஆயுதத் தொழிற்சாலையில், வீடு தரைமட்டம், இரவுகள் சுரங்க ரயில் நிலையத்தின் நடைமேடையில். இப்படி வாழ்ந்த குடும்பங்களின் குழந்தைகளுக்காக அன்னாவும் டோரதியும் 1941இல் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் இரு வீடுகளையும், எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டையும் உறைவிடக் காப்பகங்களாக்கினர். 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே வளர்ந்தனர். செலவின் பெரும்பகுதியை நியூயார்க்கிலிருந்து இயங்கிய போர்க்கால வளர்ப்புப் பெற்றோர் அமைப்பு ஏற்றது. அதற்கு ஈடாக மாதந்தோறும் அறிக்கை அனுப்பவேண்டும். நன்கொடையாளருக்காக எழுதப்பட்ட அந்த வரவுசெலவு, சளிகாய்ச்சல் கணக்குகளின் ஊடேதான் குழந்தை உளவியலின் முக்கியமான ஆவணம் ஒன்று உருவாயிற்று.

பணியாளர்களுள் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பிவந்த யூதப் பெண்கள், பலர் இளம்வயதினர், பலருக்குத் தம் பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்பதே தெரியாது. சமையலறையில் இருப்பவரும் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவரும்கூடத் தாம் கண்டதை ஓர் அட்டையில் எழுதவேண்டும் என்பது அன்னாவின் ஏற்பாடு. எவன் கடித்தான், யாரைக் கடித்தான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? தீர்ப்பு வேண்டாம், கண்டதை எழுதுங்கள் என்பதே முறை. இலக்கியம் பயின்றவர்களுக்கு இது புரியும். பிரதியைத் திருத்துவதற்கு முன் அதை வாசித்தாகவேண்டும்.

அந்த வாசிப்பில் முதலில் தெரியவந்தது எதிர்பாராத ஒன்று. தாயின் அணைப்பில் இருந்த குழந்தைகளைக் குண்டுவீச்சு அவ்வளவாக உலுக்கவில்லை. தாய் அஞ்சினால் குழந்தையும் அஞ்சிற்று. தாய் அமைதியாக இருந்தால் குழந்தை உறங்கிற்று. ஒவ்வொரு தாக்குதலின்போதும் உறங்காமல் நடுங்கி நின்று, மகனையும் தன் கையைப் பற்றி நிற்கவைத்த ஒரு தாயைப் பற்றிய குறிப்பு உண்டு. அந்தச் சிறுவன்தான் பதற்றத்துக்கும் படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்கும் ஆளானான். தாயைப் பிரிந்த குழந்தைகளோ, குண்டு விழாத இடத்திலும் நிலைகுலைந்தனர். நன்றாகப் பேசியவை பேச்சை மறந்தன. கழிப்பறைப் பழக்கம் போயிற்று. விரல் சூப்புதலும் தலையை முட்டிக்கொள்வதும் கடிப்பதும் வந்தன.

காப்பகத்தின் தொடக்கக் காலத்தில் எல்லாக் குழந்தைகளும் எல்லாப் பணியாளர்க்கும் பொது. சோறும் தூய்மையும் அன்பும் குறையவில்லை. ஆயினும் குழந்தைகளின் பேச்சும் பழக்கங்களும் வளரவில்லை. எனவே காப்பகத்தைச் சிறு ‘குடும்பங்களாக’ப் பிரித்தனர். ஏறத்தாழ நான்கு குழந்தைகளுக்கு ஒரு ‘தாய்’. குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் உறங்கவைப்பதும் அவரே. உடனடி விளைவு அமைதியன்று, பெரும் கலகம். அதுவரை ஒருவாறு சாதுவாகத் திரிந்தவை தம் ‘அம்மா’வின் ஆடையைப் பற்றிக்கொண்டு அலறின, அவர் அறையைவிட்டு வெளியேறினால் தரையில் புரண்டன, பொறாமையில் ஒன்றையொன்று அடித்தன. வேறோர் இடமாக இருந்தால் திட்டம் தோற்றது என்று கைவிட்டிருப்பார்கள். இவர்கள் பொறுத்திருந்தார்கள். சில வாரங்களில் புயல் தணிந்தது. பின்தங்கியிருந்த பேச்சும் பழக்கங்களும் வியக்கத்தக்க விரைவில் முன்னேறின. அந்தக் கலகத்தையும் அவர்கள் பற்றுதல் பிறக்கும் ஓசையாகவே வாசித்திருந்தார்கள்.

பெர்ட்டி என்று அறிக்கைகளில் குறிக்கப்படும் சிறுவனுக்கு வருகிறேன். வான்தாக்குதலில் தந்தை இறந்துவிட்டார், தாய் மருத்துவமனையில். அவன் சிறு காகித வீடுகளை வரிசையாக நிறுத்துவான். கோலிக்குண்டுகளை மேலிருந்து போட்டு இடிப்பான். மற்றக் குழந்தைகளும் இதே ஆட்டத்தை ஆடின. அவர்களுக்கு இடிப்பதில் இன்பம். பெர்ட்டியின் ஆட்டத்தில் மட்டும் மனிதர்கள் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள். விழுந்த வீடுகள் யாவும் மறுபடி நிமிர்த்தப்பட்டன. ஒருமுறையன்று, ஓயாமல். தந்தை இறந்ததை அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஒப்புக்கொள்ளாதிருக்கவும் முடியவில்லை. ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருநாள், தன் தந்தை கொல்லப்பட்டார், தாய் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார், போர் முடிந்ததும் தாய் திரும்புவார், தந்தை திரும்பமாட்டார் என்று தானே சொன்னான். அந்த ஆறு மாதமும் அவன் கோலிக்குண்டுகளை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இந்த வரலாற்றில் என்னை அதிகம் தொட்ட செய்தி இதுவே.

காப்பகங்கள் 1945இல் மூடப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் சசெக்ஸில் புல்டாக்ஸ் பேங்க் என்ற வீட்டுக்கு, மூன்று நான்கு வயதுடைய ஆறு அனாதைக் குழந்தைகளின் குழு ஒன்று வந்துசேர்ந்தது. கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து தெரேசியன்ஸ்டாட் முகாமில் வளர்ந்தவர்கள். ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து அகதிகளாக வந்த சோஃபி, கெர்ட்ரூட் டான் சகோதரியர் இவர்களைப் பேணினர். முதல் வாரங்களில் குழந்தைகள் பொம்மைகள் அனைத்தையும் உடைத்தனர். பெரியவர்களை அடித்தனர், கடித்தனர், காறி உமிழ்ந்தனர். ஆனால் தமக்குள் அவர்கள் காட்டிய பரிவு வேறெங்கும் காணாதது. ஒருவரைவிட்டு ஒருவர் சிறிது நேரமும் பிரியமாட்டார்கள். தின்பண்டம் கிடைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் தருவார்கள். தமக்குள் வைத்திருந்த அந்தப் பரிவைப் பெரியவர்களுக்கும் மெல்ல மெல்ல நீட்டினார்கள். அன்னாவும் சோஃபியும் 1951இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது: இக்குழந்தைகள் மனவளர்ச்சி குன்றியவர்களோ குற்றவாளிகளோ பித்தர்களோ அல்லர், ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு பிழைத்தவர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வியன்னாவில் தங்கிய அந்த அத்தைமார் நால்வரும் 1942இல் அதே தெரேசியன்ஸ்டாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவரும் மீளவில்லை.

அட்டைகளில் எழுதப்பட்டவை அந்த வீடுகளோடு முடிந்துவிடவில்லை. படையில் சேர மனச்சான்று இடந்தராமல் மறுத்து, அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன், பின்னர் ஜான் பௌல்பியின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். மருத்துவமனையில் எட்டு நாள் தனித்திருந்த ஒரு இரண்டு வயதுச் சிறுமியை 1952இல் அவர் படமாக்கினார். பெற்றோர் வருகையை மருத்துவமனைகள் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. மருத்துவர்கள் பலர் சினந்தார்கள். ஆனால் 1959இல் பிரிட்டிஷ் அரசுக் குழுவின் பிளாட் அறிக்கை, குழந்தைகளைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்க அனுமதிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதே வரலாறு தவறாகவும் பயன்பட்டது. தாய் வேலைக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடும் என்று பெண்களை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டச் சிலருக்கு இது வசதியாயிற்று. ஹாம்ப்ஸ்டெட்டின் குறிப்புகள் அப்படிச் சொல்லவில்லை. நான்கு குழந்தைகளை ஏற்ற ஓர் இளம் அகதிப்பெண் போதுமானவளாக இருந்தாள். புல்டாக்ஸ் பேங்கில் சக குழந்தைகளே உறவாக இருந்தார்கள். குழந்தை கேட்டது நிலைத்திருக்கும் ஓர் ஆளை. தன் கோபம் முழுவதையும் கொட்டிய பிறகும் மறுநாள் காலையில் அதே முகத்தோடு வந்து நிற்கும் ஓர் ஆளை.

இவற்றில் பாதியை நண்பரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்பவர்கள். பையனைப் பார்த்துக்கொள்ள இதுவரை வந்துபோன ஆயாக்களை விரல்விட்டு எண்ணினார். நான்காவது விரலில் நிறுத்தி, "அந்த இரண்டாவது அம்மா போனப்பதான் சார் கடிக்க ஆரம்பிச்சான். நாங்க அவங்க போயிட்டாங்கன்னு அவன்கிட்ட சொல்லவே இல்ல. கேட்டா நாளைக்கு வருவாங்கன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றார்.

அவர் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் சிற்றில் பருவத்தை இனி நடத்தும்போதெல்லாம், இடிக்கும் குழந்தைக்குப் பின்னால் நின்று, விழுந்த வீட்டை மறுபடி நிமிர்த்தும் அந்த நான்கு வயதுச் சிறுவனும் எனக்குத் தெரிவான்.